மாதக் கணக்குக்குள் அடங்கும் வண்டி
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் திங்கள்சந்தைக்கு அருகில் வசிக்கிறேன். என் கணவர் தக்கலையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இருவர் சம்பளமும் சேர்ந்து 41,000 ரூபாய். வீட்டுச் செலவு, பிள்ளைகள் இருவரின் படிப்பு, மருந்து, நகைக் கடன் வட்டி எல்லாம் போக மாதம் 10,000 ரூபாய் மிஞ்சுகிறது. மாமியாரை மாதம் இருமுறை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேராக ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய் வருவதும் பயமாக இருக்கிறது. சீட்டு விழுந்த பணம் 2,60,000 ரூபாய் கையில் உள்ளது. ஷோரூமில் 7,50,000 ரூபாய் வண்டிக்கு 1,50,000 கட்டினால் போதும், மீதியை 84 மாதத் தவணையாகக் கட்டலாம், வரியும் குறைந்துவிட்டது என்கிறார்கள். புது வண்டி என்றால்தான் உறவினர் நடுவே மரியாதை என்பது என் கணவரின் எண்ணம். பழைய வண்டி வாங்கினால் மெக்கானிக்கிடமே குடியிருக்க நேரும் என்றும் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, திங்கள்சந்தை

பதில்: அன்புச் சகோதரி, வரவு செலவை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடன் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் வண்டியின் விலையைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள், தங்களுக்கு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நாங்கள் கேட்ட பிறகுதான் யோசிப்பார்கள். நீங்கள் அதை முன்னதாகவே யோசித்துவிட்டீர்கள். ஆகவே பாதி வேலை முடிந்துவிட்டது.

ஷோரூம் கணக்கை முதலில் பார்ப்போம். 6,00,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி 9.5 சதவீதம் என்று வைத்தால், 84 மாதங்களுக்கு மாதத் தவணை 9,806 ரூபாய் வரும். உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 10,000. தவணை போக மீதம் 194 ரூபாய். அந்த 194 ரூபாயில்தான் பெட்ரோல் போட வேண்டும், சர்வீஸ் விட வேண்டும், அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 2,23,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஏறக்குறைய இன்னொரு பழைய காரின் விலை அது. தவணை இரண்டு மாதம் தவறினால் வீட்டில் எஞ்சியிருக்கும் நகையும் அடகுக்குப் போகும். நகையை மீட்க முடியாமல் கவுண்டருக்கு வெளியே நின்று கண் கலங்கிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த 194 ரூபாயை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வரி குறைந்தது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அந்தக் குறைப்பு பழைய வண்டி வாங்குபவருக்கும் கை கொடுக்கும். புதிய வண்டியின் விலை இறங்கிய பிறகு அதே ரகத்தின் பழைய வண்டிக்கு முன்பு சொன்ன விலையையே ஒருவர் சொன்னால், அதைச் சுட்டிக்காட்டி நீங்கள் தாராளமாகப் பேரம் பேசலாம்.

இனி உங்கள் தேவை. மருத்துவமனைக்கு இரண்டு நடை, ஆலயத்துக்கு நான்கைந்து நடை, எப்போதாவது அம்மா வீடு என்று நீங்கள் சொல்வதைக் கூட்டினால் மாதம் 300 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். அவ்வளவு ஓட்டத்துக்கு டீசல் வண்டி வேண்டாம். பெட்ரோலில் ஓடும் சிறிய வண்டியே போதும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால்கூட மாதம் 20 லிட்டர், அதாவது ஏறக்குறைய 2,000 ரூபாய். பராமரிப்புக்கு மாதம் 1,200 ரூபாயும் இன்சூரன்சுக்கு 500 ரூபாயும் தனியாக எடுத்துவைத்தால் மொத்தம் 3,700. கடன் இல்லாமல் வாங்கினால் மிஞ்சும் பத்தாயிரத்தில் இன்னும் 6,300 ரூபாய் உங்கள் கையில் இருக்கும், புதிய சீட்டு ஒன்றிலும் சேரலாம். வாடகைக் கார் இதைவிட மலிவாக முடியுமா என்பதையும் ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள். மருத்துவமனை நடைக்கு மட்டும்தான் கார் தேவையென்றால் வாடகைக் கார்தான் லாபம். மழையில் பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் நால்வர் போகும் நிலை மாற வேண்டும் என்பதற்காகவே சொந்த வண்டியை நானும் ஆதரிக்கிறேன்.

கையிலுள்ள 2,60,000 ரூபாயை இப்படிப் பிரியுங்கள். வண்டிக்கு 2,00,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்சுக்கும் 15,000. வாங்கிய முதல் மூன்று மாதத்தில் டயர், பேட்டரி, பிரேக், டைமிங் பெல்ட் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் கேட்கும், அதற்கு 25,000. மீதி 20,000 ரூபாயை மறந்துவிடுங்கள். பழைய வண்டி வாங்கி நொந்தவர்களை விசாரித்துப் பாருங்கள்: வண்டி கெட்டது என்பதைவிட, கையிலிருந்த கடைசிக் காசையும் விலையாகக் கொடுத்துவிட்டுப் பழுது பார்க்கப் பணம் இல்லாமல் நின்றார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மெக்கானிக்கிடம் குடியிருக்க நேரும் என்ற உங்கள் கணவரின் அச்சத்துக்கு அந்த 25,000 ரூபாய்தான் பதில்.

எந்த வண்டி என்று கேட்பீர்கள். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எந்தச் சிறிய ஒர்க்‌ஷாப்பிலும் கை வைக்கத் தெரிந்த, உதிரி பாகம் அன்றே கிடைக்கிற வண்டியாக இருக்க வேண்டும்: ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்றவை. செவ்ரோலே இந்தியாவில் விற்பனையை 2017இல் நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இவ்வகை வண்டிகள் நன்றாக ஓடக்கூடியவை, விலையும் மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் மாமியாரின் மருத்துவமனை நாள் காத்திருக்காது. இன்னொன்று பாதுகாப்பு. 2019 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான புதிய கார்களில், திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலைக்குப் பின் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் கட்டாயம். இரண்டு லட்சத்துக்குள் அந்த வயதுள்ள நல்ல வண்டி எளிதில் அமையாது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் சில ரகங்களில் ஏர்பேக் விருப்பத் தேர்வாக இருந்தது. அப்படி ஒன்று அகப்பட்டால் பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம், அதற்காக மட்டும் நான் போட்ட வரம்பை மீற அனுமதிக்கிறேன்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் வண்டியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். 'ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறேன்' என்று சொன்னால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த என்ஜினைத் திருகும்போதுதான் அதன் நோய் தெரியும். புகை நீல நிறமாக வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள், அந்த வண்டி வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மீட்டரில் 30,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் மிதி கட்டைகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்; கம்பெனி சர்வீஸ் மையத்தில் வண்டி எண்ணைச் சொல்லி, உரிமையாளர் மூலமாகப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஏதாவது ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். திருவட்டார், குலசேகரம் பக்கம் ஏற்ற இறக்கத்துக்குக் குறைவில்லை. கிளட்ச் தேய்ந்த வண்டி அங்கே சத்தம் மட்டும் போடும், ஏறாது.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டிய வீடுகளில் நின்ற வண்டிகளின் அடிப்பாகத்தை உப்புக்காற்று தின்றுவிடும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். சென்ற ஆண்டு என் உறவினர் ஒருவருக்காக அப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனோம். உடன் வந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தை ஸ்பானரின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார். 'டண்' என்று கேட்க வேண்டிய இடத்தில் அட்டையைத் தட்டியதுபோல் 'சொத்' என்றது. இரண்டாம் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு செதிலாக உதிர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. துளைக்குள் அவர் விரலே நுழைந்தது. அந்த வண்டிக்குக் கேட்ட விலை 1,90,000 ரூபாய். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் துருப்பிடித்த சட்டம் விபத்தில் தாங்காது, ஒட்டுப் போட்டாலும் இரண்டு மழைக்காலம் நிற்காது. நமக்கோ ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. ஆகவே பார்க்கப் போகும்போது மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

மரியாதையைப் பற்றி உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். உறவினர் வண்டியின் ஆண்டைப் பார்ப்பது முதல் ஞாயிறு மட்டும்தான். தவணை 84 மாதமும் வரும்.

கேள்வி: பழைய கார் வாங்க 2,50,000 ரூபாய் கடன் தேவை. வங்கியில் 13 சதவீத வட்டி என்கிறார்கள். ஒரு பைனான்ஸில் 8 சதவீதம்தான், மூன்று ஆண்டில் முடித்துவிடலாம் என்கிறார்கள். பைனான்ஸே மேல் அல்லவா?
– வாசகர், கருங்கல்

பதில்: அல்ல, தம்பி. அந்த 8 சதவீதம் 'ஃபிளாட்' வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே கடைசிவரை போடப்படும். மூன்று ஆண்டுக்கு வட்டி 60,000, மொத்தம் 3,10,000, மாதத் தவணை 8,611 ரூபாய். வங்கியின் 13 சதவீதம் குறையும் நிலுவைக்கானது என்பதால் தவணை 8,424 ரூபாய்தான் வரும். ஃபிளாட் 8 சதவீதம் என்பது வங்கி முறையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 14.5 சதவீதம். அதோடு ஆவணக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் ஆகியவற்றையும் இரு இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியின் விலையில் பாதிக்கு மேல் கடன் தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு சேமித்துவிட்டு வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: களியக்காவிளை தாண்டி, கேரளப் பதிவு எண் கொண்ட கார் ஒன்று இங்குள்ள விலையைவிட 40,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: எல்லையோர மக்களாகிய நமக்கு இந்தச் சபலம் இயல்பு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நாம் தினமும் போய் வருகிறோம்; வண்டியும் அப்படியே வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு முதலில் கேரளத்தில் பதிவான அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி. பெற வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் அது அடைந்ததற்கான படிவம் 35உம் வங்கியின் கடிதமும் வேண்டும். பிறகு தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். அது கைக்கு வர அலைச்சல் உண்டு. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆர்.சி. எனும் பதிவுச் சான்றின் நகலோடு போய், வரி எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை 40,000இலிருந்து கழித்த பின் மிஞ்சுவதுதான் உங்கள் லாபம். பெரும்பாலும் அது நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

வெள்ளத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. 2015 டிசம்பரில் சென்னையிலும் அப்படியே. நம் மாவட்டத்தில்கூட 2021 நவம்பர் மழையில் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் ஏறியது. மூழ்கிய வண்டியைக் கழுவி, இருக்கைத் துணியை மாற்றி விற்றுவிடுவார்கள். ஆனால் சீட் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. முன் இருக்கையின் பெல்ட்டை அது நிற்கும்வரை முழுவதுமாக வெளியே இழுங்கள். சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு முழம் செம்மண் நிறத்தில் கறை படிந்து விறைப்பாக இருந்தால், அல்லது முகர்ந்தால் குளத்துச் சேற்றின் வாடை வந்தால், விலை பேச வேண்டிய அவசியமே இல்லை. இருக்கையைப் பின்னே தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீரில் மூழ்கிய வண்டியின் மின்வயரிங் இன்று ஓடும், அடுத்த மழைக்கு எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் என் காரை ஒரு ப்ரோக்கர் மூலம் விற்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். இப்போது அபராதக் குறுஞ்செய்திகள் என் கைபேசிக்கு வருகின்றன. யாரோ ஓட்டும் வண்டிக்கு நான் பொறுப்பா?
– வாசகர், வடசேரி

பதில்: ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் பார்வையில் நீங்கள்தான் உரிமையாளர், ஐயா. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி பல கைகள் மாறியிருந்தும், பதிவுச் சான்றில் பெயர் இருந்தவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பானது. அபராதச் செய்தி சில நூறு ரூபாயோடு போகும். அந்த வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடி யாரையாவது மோதினால் இழப்பீடு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

இதே தவற்றை என் இளமையில் நானும் செய்திருக்கிறேன். எனக்கு அறிமுகமான ஒருவர் 'நாளைக்கே மாற்றிவிடுகிறேன்' என்றார், நம்பினேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நல்லவேளையாகப் பெரிய விபத்து இல்லை, ஆனாலும் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அலைந்தேன். அந்த மூன்று நாளும் என் தாயார் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: தேதி போடாமல் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29இல் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 மூலம் பெயர் மாற்ற வேண்டும். வண்டியைக் கொடுக்கும் நாளில் தேதி, நேரம், கிலோமீட்டர், வாங்குபவரின் ஆதார் நகல் எல்லாம் சேர்த்து ஒரு ஒப்படைப்புக் கடிதம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைத்துப் படிவம் 29சி மூலம் மத்திய அரசின் பரிவாஹன் வாகன இணையதளத்தில் பதிந்துவிட்டால் அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே அச்சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து விற்பது பாதுகாப்பானது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை உள்ளது என்று இன்றே பாருங்கள். விற்றதற்கான ஆதாரம், பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றோடு நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். ப்ரோக்கர் மூலமாக வண்டியை வைத்திருப்பவரைக் கண்டுபிடித்துப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வாங்கியவருக்கும் இதில் நன்மை உண்டு என்று அவரிடம் எடுத்துச் சொல்லலாம். மூன்றாம் நபருக்கான காப்பீடு, அதாவது வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது, வண்டியோடு தானாக மாறும். ஆனால் தன் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் விண்ணப்பித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக இன்சூரன்ஸ் கட்டணத்தில் தரும் தள்ளுபடி, விற்றவருக்கே உரியது, வண்டியோடு போகாது. அடுத்த வண்டி வாங்கும்போது அதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள ஒரு கால வரம்பு உண்டு என்பதால் உங்கள் பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்தில் அதையும் விசாரித்துவிடுங்கள்.